போல்ட்டைக் கழற்றிக் காட்டுங்கள்

துப்பாக்கிக் கடையில் நிற்பவனுக்கு முக்கியமான வேலை, நாள் முழுக்க எதுவும் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான். கடல் தாண்டி வந்த இந்த நாட்டில், பரமட்டா நகரிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில், டயர் கடைக்கும் தூண்டில் கடைக்கும் நடுவே இருக்கிற ஒரு கடையில் ஒன்பது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியில் லேத் ஓட்டினேன். ஊரில் அம்மாவிடம் 'விளையாட்டுச் சாமான் கடை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் கிரிக்கெட் மட்டை விற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

என் பொறுப்பு விலை குறைந்த அடுக்கு. 'டுவென்டி டூ' என்று எல்லோரும் சொல்கிற சின்னத் தோட்டா போடும் போல்ட் துப்பாக்கிகள்; முயலுக்கும் காகிதக் குறிக்கும் போதும். போல்ட் என்பது ஏறக்குறைய கதவுத் தாழ்ப்பாள்தான். தூக்கி இழுத்து, திரும்பத் தள்ளி இறக்கினால் ஒரு தோட்டா உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்ய வேண்டும்.

ஜவுளிக் கடையோ மருந்துக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த எவருக்கும் மத்தியானம் மூன்று மணி எப்படி இருக்கும் என்று தெரியும். வெயில் மேற்குக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து வந்து துப்பாக்கிகளின் மரக்கட்டைகள் மேல் படுத்துக்கொள்ளும். எண்ணெய் வாசனை மெல்லக் கிளம்பும். ஆள் வராது. ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தப் புல்வெளிக்குப் போய்ச் சேரும், அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று நினைத்தபடி நிற்பேன். அப்படி நிற்கும்போதுதான் யாராவது வந்து கதவைத் திறப்பார்கள்.

பதினான்கு கட்டம்

கார்த்திக் என்று ஒரு தம்பி. மதுரைப் பக்கம், ஐ.டி. வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே கடைக்குள் வந்தார். மூன்று மாதமாக வீடியோ பார்த்து எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டிருந்தார். பதினான்கு கட்டம். எடை, குழல் நீளம், ட்ரிகர் எவ்வளவு இலகு, மரக்கட்டையா பிளாஸ்டிக்கா, எல்லாம் இருந்தது. நான் ஒன்பது வருஷத்தில் கவனிக்காத விஷயம்கூட அதில் பச்சை மஞ்சள் வண்ணத்தில் இருந்தது.

எனக்கே மரியாதை வந்துவிட்டது. அவர் முதலாவதாகக் குறித்திருந்ததை எடுக்கப் போய், வழக்கப்படி லைசென்ஸைக் கேட்டேன். தம்பி லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப லேப்டாப்பைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மூடினார்.

"எல்லாம் இருக்குங்க. லைசென்ஸ் மட்டும் இதுல இல்ல."

சுவரில் ஒரு மலை

ஸ்கோப் என்கிற துப்பாக்கித் தொலைநோக்கி வழியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தெருவைப் பார்க்கக்கூடாது. அதற்காக முதலாளியம்மா பிரெண்டா பின்சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார். காய்ந்த மஞ்சள் மலை, கீழே ஒரு வேலி, வேலியில் ஒரு கேட். எட்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறவர்கள்கூட அந்த மலையைப் பார்த்ததும் மூச்சை மெதுவாக விடுவார்கள். ஸ்கோப் வாங்குகிறார்களோ இல்லையோ, மலையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

டெஸ் என்ற கிழவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வியாழக்கிழமை துப்பாக்கியின் ஸ்கோப் வழியாக ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இடைஞ்சல் செய்ய மனம் வரவில்லை. கடைசியில் துப்பாக்கியைப் பத்திரமாகக் கவுண்டரில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அந்த வேலிக் கேட்டைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போ. மலைமேல் மழை வரப்போகிறது."

கைக்குள் ஒரு ஜன்னல்

மலர் அக்கா வந்தது ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணப் பக்கம், இங்கே ஆஸ்பத்திரி லாபில் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு நாள் குறிசுடும் கிளப்புக்குப் போனவர், அதிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டார். லைசென்ஸ் வாங்கிவிட்டார். இரண்டு வருஷம் கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டது போதும், விலை குறைவாகச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார். இதில் என்னக்கா இருக்கிறது என்று கேட்டேன். "மூச்சை அரைவாசி விட்டுட்டு நிப்பாட்டேக்க, உள்ளுக்கு ஒரு சத்தமும் இல்லைத் தம்பி. எனக்கு வேற எங்கையும் அப்பிடி இல்லை" என்றார்.

அவருடைய கணவர் நேசன் அண்ணா உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்பு ஊரில் ஒரு காலையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அவருடைய தமையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திருப்பி அனுப்பவில்லை என்று அக்கா சொன்னார். வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்பது அவர் முடிவு. "அவர் ஓம் எண்டாத்தான் கொண்டுபோவன். பதினெட்டு வருசம் ஒரே வீட்டில இருக்கிறம். இதுக்காக அதைக் குழப்பேலாது" என்றார் அக்கா. 

குறி பார்க்க யாருக்கு எந்தக் கண் பலம் என்று நான் முதலில் பார்ப்பது வழக்கம். இரண்டு கையையும் சேர்த்துச் சின்ன ஜன்னல் மாதிரி பிடித்து, தூரத்தில் இருக்கிற ஒன்றை அதற்குள் பார்க்கச் சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும்; எந்தக் கண்ணுக்கு அது ஜன்னலை விட்டு நகரவில்லையோ அதுதான் பலமான கண். மலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அக்கா கதவுப் பக்கம் திரும்பி, ஜன்னலுக்குள் கணவரைப் பிடித்தார். இடது கண்தான் பலம் என்று தெரிந்தது. கையை இறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இதுக்குள்ளால பாக்கேக்கதான் தெரியுது, மனுசன் எவ்வளவு பயந்துபோய் நிக்குது எண்டு."

தாழ்ப்பாள்

அடுத்த சனிக்கிழமை நேசன் அண்ணா உள்ளே வந்தார். துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அக்காவுக்கு மூன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். காட்டும்போது போல்ட்டைக் கழற்றிக் கவுண்டரில் தனியாக வைப்பது என் பழக்கம். அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் தூக்கிப்போட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் திரும்பி, கவுண்டரில் கிடந்த விரல் நீள இரும்பைப் பார்த்தார்.

"இது இல்லாட்டி?" என்று கேட்டார்.

"வெறும் குழாயும் கட்டையும்தாங்கண்ணா. ஒண்ணும் பண்ண முடியாது."

எழுந்து வந்தார். லைசென்ஸ் இல்லாததால் தொட விடவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றிலும் போல்ட்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்றார். இரண்டில் ட்ரிகரை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். மூன்றாவதில், அதுதான் இருப்பதிலேயே விலை குறைந்தது, பக்கத்தில் ஒரு குட்டி லீவர். அதை அழுத்தினால் ட்ரிகரைத் தொடாமலே போல்ட் கையோடு வந்துவிடும். அதை நான்கு முறை செய்யச் சொன்னார். நான்காவது முறை அவர் தோள் அசையவில்லை. "இதுதான்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். கடையில் வெயில்கூட ஒரு நிமிடம் நகராத மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்புறம் அவர் கேட்டார், போல்ட்டைத் தான் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அக்கா வைத்திருந்தால் சரிதானே என்று. சரியில்லை என்று சொல்ல வேண்டிய பாவி நான்தான். துப்பாக்கியானாலும் போல்ட்டானாலும், பூட்டின் சாவியானாலும், லைசென்ஸ் உள்ளவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். சாவி எங்கே என்பதுகூட மற்றவருக்குத் தெரியக்கூடாது. கேட்டுக்கொண்டிருந்த அவர் முகம் கதவு மாதிரிச் சாத்திக்கொண்டது.

"அப்ப சட்டம் அவவை மட்டும்தான் நம்புது, என்ன?"

சனிக்கிழமை விருந்தாளிகள்

லைசென்ஸ் இருந்தாலும், முதல் துப்பாக்கி என்றால் அதை வாங்கப் போலீஸ் பெர்மிட் வர நான்கு வாரமாவது ஆகும். அதுவரை துப்பாக்கி பெயர்ச் சீட்டோடு எங்கள் உள்ளறையில் இருக்கும். வாங்கியவர்கள் நிச்சயம் செய்த பெண்ணைப் பார்க்க வருவதுபோல் சனிக்கிழமைகளில் வருவார்கள். நானும் எடுத்துக் காட்டுவேன். அக்காவும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் அந்த விலை குறைந்த துப்பாக்கியைப் பார்க்க யாரும் வரவில்லை.

நான்கு வாரம் போயிற்று, ஐந்தும் போயிற்று. அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம், தேவையில்லாமல் சட்டத்தை ஒப்பித்து ஒரு நல்ல மனுஷியின் அமைதியைக் கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. பிரெண்டா சீட்டைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கல்யாணம் நின்றுபோனது துப்பாக்கிக்கா, உனக்கா?"

இரண்டு பெட்டி

ஆறாவது சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அக்காவின் கையில் பெர்மிட், மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில், வலது கண்ணே குறி பார்க்கட்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தபடி ஒட்டின டேப். நேசன் அண்ணா நேராகக் கவுண்டருக்கு வந்து போனை நீட்டினார். படத்தில், அலுமாரி மூலையில், செங்கல் சுவரோடு இறுக்கிய இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒன்று ஆள் உயரம், இன்னொன்று சோற்றுப் பெட்டி அளவு. அவர் வெல்டிங் வேலை செய்கிறவர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஐந்து வாரமாக வேலை முடிந்து வந்து தானே செய்திருக்கிறார். பெரியது துப்பாக்கிக்கு, சின்னது போல்ட்டுக்கு. நான்கு சாவியையும் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "சாவி எங்கன்னு கேக்கலியாண்ணா?" என்று கிண்டலாகக் கேட்டேன். அக்கா சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பெட்டியின் மூடியை வேண்டுமென்றே கனமான தகட்டில் செய்திருப்பதாகச் சொன்னார். சாவிக்கு அவர் ஊர்ச் சொல் திறப்பு.

"திறப்பு எங்கையும் இருக்கட்டும் தம்பி. அந்தச் சின்னப் பெட்டி மூடுற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டாக் காணும், நான் நித்திரை கொள்ளுவன்."

எந்தத் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்று கேட்கிறவர்களுக்கே ஒன்பது வருஷம் பதில் சொல்லிப் பழகிய எனக்கு, எது நன்றாகச் சும்மா கிடக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு ஆளின் வீட்டுக்கு விற்றதுதான் இதுவரை செய்த உருப்படியான வியாபாரம்.