ஆளில்லாத ஆராய்ச்சிக்கு ஒரு கடன்

இன்னும் எதையுமே விற்காத நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுவதுதான் குமுதாவின் வேலை. பாயான் லெப்பாஸில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடும் சின்ன நிறுவனம் அது. ஜார்ஜ் டவுன் வங்கி கடன் தராவிட்டால் மூடவேண்டியதுதான். குமுதாவின் சம்பளமும் போய்விடும். கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் குறைந்தது பன்னிரண்டு வரவேண்டும் என்றது வங்கி. எப்படி வகுத்தாலும் ஐந்துதான் வந்தது.

முதலாளி ஆராய்ச்சியாளர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். சம்பளச் செலவு குறைந்ததும் அந்த விகிதம் பதினான்கானது.

வங்கி அதிகாரி ஜெஃப்ரி அசந்துபோனார். "கலக்கிட்டீங்கக்கா! லோன் ஓகேலா. எதுக்குன்னு போடட்டும்?"

"ஆராய்ச்சிக்குத்தான் தம்பி. இனிமே ஆள் எடுக்கணும்."

"ஐயோ, எடுத்தா விகிதம் இறங்கிடுமேக்கா! எடுக்காதீங்க, சைன் பண்ணுங்க."

குமுதா கையெழுத்துப் போட்டார். நிறுவனம் பிழைத்துவிட்டது, மருந்தைத் தேடத்தான் யாருமில்லை.