ஏரிக்குப் பழகிய கால்

என் மனைவியின் கால்களுக்கு எங்கள் குப்பத்தில் ஒரு தனிப் பேர் இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் கரையேறும்போது நொண்டிக்கொண்டுதான் வருவார்கள். சேற்றுக்குள் உடைந்த கிளிஞ்சல் கத்தி போல நிற்கும். கெளுத்தி முள் ஏறினால் தொடைவரை கடுக்கும். இவள் மட்டும் இறால் போடுகிற பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்து வருவாள். உள்ளங்காலில் கீறல் இருக்கும், ரத்தம்கூட இருக்கும். "குத்தினா தானே தெரியறதுக்கு?" என்பாள்.

கல்யாணமான புதிதில் அவளும் மற்றவர்களைப் போலக் கத்தியவள்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்தக் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "ஏரி என் கால ஏத்துக்கிச்சு" என்று அதற்கு அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். கூட இறங்குகிறவர்கள் அதை நம்பினார்கள். "எக்கா, உன் காலு மாதிரி எங்களுக்கு எப்ப ஆவும்?" என்று சின்னப் பெண்கள் கேட்டார்கள். நானும் நம்பினேன், பெருமையாகவும் இருந்தது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் நான். அதனால்தான் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஏரி என்னைத் துப்பிவிட்டது, அவளை ஏற்றுக்கொண்டது, வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று ஸ்டாண்டில் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் பக்கத்தில் சுகரை ஒரு சொந்தக்காரர் மாதிரிதான் விசாரிப்பார்கள். "உனக்கு வந்துட்ச்சா? எனக்கு போன வருசமே வந்துட்ச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாத்திரை இருக்கிறது, விழுங்கினால் ஆயிற்று என்று ஒரு தைரியம். வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற பெண் ஒருநாள் என் மனைவியின் விரலையும் குத்திப் பார்த்து, மிஷினை இரண்டு தடவை தட்டிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். எத்தனை வருஷமாக உள்ளே இருந்ததோ, யாருக்குத் தெரியும்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். சீட்டில் மருந்து எழுதிய பிறகு காலை நீட்டச் சொன்னார். பேனா மாதிரி ஒரு குச்சி எடுத்தார், அதன் நுனியில் ஒரு துண்டு நரம்பு. நரம்பு என்றால் நாங்கள் தூண்டிலில் கட்டுகிற அதே நைலான் நரம்புதான். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, என் கால்ல மீனா புடிக்கப் போறீங்க?"

டாக்டரும் சிரித்தார். "கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போது சொல்லுங்க" என்றார்.

இவள் கண்ணை மூடினாள். டாக்டர் அந்த நரம்பைக் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினார். நரம்பு வளைந்தது. இவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பாதத்தின் நடுப்பள்ளம், குதிகால். பிறகு மற்றக் கால். டாக்டர் குச்சியை மூடி மேசைமேல் வைத்தாகிவிட்டது. இவள் கண்ணைத் திறக்காமல், "எப்பம்மா தொடுவீங்க?" என்று கேட்டாள்.

அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரே மெச்சிய கால் அது. அது பழகவுமில்லை, உரமேறவுமில்லை, செத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுகர் கால் நரம்பையெல்லாம் தின்றுவிட்டது, போன உணர்ச்சி திரும்ப வருவது கஷ்டம், ஆனால் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அதற்கு அவர் சொன்னதெல்லாம் காசு செலவில்லாத சங்கதிகள். வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும், சின்னப் புண் இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். "வலி சொல்ற வேலையை இனிமே கண்ணு செய்யணும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது இவள் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏரி கண்ணில் பட்டதும், "அப்ப ஏரி என்ன ஏத்துக்கலயா?" என்று கேட்டாள்.

"ஏரிக்கு இன்னா தெரியும்மே" என்றேன்.

இறாலுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு போ என்று வாங்கிக் கொடுத்தேன். முதல் ஜோடியை முதல் நாளே சேறு விழுங்கிவிட்டது. அடுத்த ஜோடியைக் கணுக்காலோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். கூட இருந்தவர்கள் "இன்னா, போலீசு வேலைக்குப் போறியா?" என்று கிண்டல் செய்தார்கள். இவள் முறைத்துவிட்டு இறங்கினாள்.

காலைப் பார்ப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வெயிலும் தண்ணீரும் சேர்ந்து இவளுடைய கண் என்றைக்கோ பூத்துப்போனது, தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. மகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாயிற்று, மாமியார் வீட்டிலிருந்து அவளைத் தினமும் வரச் சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிறவன் நான் ஒருவன்தான். முதல் நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரும் தோளில் துண்டுமாக நான் எதிரே உட்கார்ந்ததும், சுடுதண்ணீர் பட்டவள் மாதிரி இரண்டு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"புருசன் என் கால புடிச்சா எனக்கு நரகந்தான்யா."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். "நரகத்துக்கு நடந்து போறியா, நொண்டிக்கினு போறியா? அத மட்டும் சொல்லு" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்தபடி ஒரு காலை நீட்டினாள்.

ஆனால் கதவைச் சாத்த வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. தினமும் பொழுது சாயும் முன்னே எங்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "இந்த வயசுல இன்னா வாத்தியாரே அவசரம்?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். பொண்டாட்டி காலைக் கழுவுகிறேன் என்று சொல்வதைவிட அவர்கள் நினைக்கிறதே கௌரவமாக இருந்தது.

உள்ளே நடந்தது இதுதான். சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஒவ்வொரு விரல் இடுக்கையும் துண்டு நுனியால் ஒற்றுவேன். செல்போன் லைட்டை அடித்து உள்ளங்காலை ஒரு மூலை விடாமல் பார்ப்பேன். வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவுவேன். அதற்குள் அவள் அன்றைக்கு யார் பறி நிறைந்தது, யார் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று எல்லாம் சொல்லி முடிப்பாள். தினமும் முதலில் காலை இழுத்துக்கொள்வாள், தினமும் நான் திட்டுவேன், பிறகுதான் நீட்டுவாள். முடிந்ததும் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அன்றைய பாவத்தை அன்றைக்கே தீர்க்கிறாளாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது அந்தச் சாயங்காலங்களில்தான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் காலில் ஒரு சின்னப் புண்கூட வேர்பிடிக்கவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே ஏரி தெருவுக்குள் ஏறிவிட்டது. எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். முட்டிக்கு மேல் தண்ணீரில், கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாமல், தலையில் மூட்டையோடு நடந்தோம். இவளுடைய செருப்பு இரண்டும் வழியிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டன. பள்ளிக்கூட வாசலில் ஏறியபோது வெறுங்காலோடு நின்றாள்.

ஒரே ஒரு பெரிய ஹால். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மகளைக் கொடுத்த வீடும் அதே ஊர் என்பதால் சம்பந்தி அம்மாளும் பக்கத்துப் பாயிலேயே இருந்தார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் ஒரு பாட்டிலை மிச்சம் பிடித்து, துண்டோடு இவளிடம் போனேன். புரிந்துகொண்டாள். இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"இங்க வேணாய்யா. சம்பந்தி பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும், கால நீட்டுமே."

"என் மானத்த வாங்காத. வூட்டுக்குப் போயி பாத்துக்கலாம்."

என் குரல் ஏறியது. எல்லாத் தலையும் திரும்பியது. இவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. நான் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நீயாவது பார் என்று மகளிடம் சொன்னேன். மகள் கைக்குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டபோது, "கழுவி பாத்துட்டேன்மா, ஒண்ணும் இல்ல" என்று இவளே சொல்லிவிட்டாள். கழுவியிருப்பாள்தான். பார்த்தது அந்தப் பூத்த கண்ணால். மறுநாளும் போய்க் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். "வலிக்கவே இல்லய்யா" என்றாள். தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறவரை அதே பதில்தான்.

வீடு முழுக்கச் சேறு. அதை அள்ளிக்கூடக் கொட்டாமல் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்கார வைத்தேன். அன்று காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இடது காலைத் தூக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துளை, சுற்றிலும் கறுத்திருந்தது. கண்ணாடியோ ஆணியோ, எது குத்தியது என்று கடைசிவரை தெரியவில்லை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாய்யா? ஒண்ணும் இல்லதானே?" என்றாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். அதற்கும் நிற்காமல் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் கையெழுத்தைக் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் இவள், "வலியே இல்லாத கால எதுக்குய்யா வெட்டறாங்க?" என்று என்னைக் கேட்டாள். பார்க்க வந்த ஒருவர் 'பட்ட காலிலே படும்' என்று ஆரம்பித்தார். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்சம்மா வந்து என்னை வெளியே அனுப்பினார்கள்.

யார்மேல் கோபப்படுவது? மழைமேலா, பள்ளிக்கூடத்து ஹால்மேலா? வெளியே மரத்தடியில் நின்றபோது சம்பந்தி அம்மாள் என் எதிரே வந்து நின்று அழுதார்கள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் சுகர்தாண்ணே. தெனமும் நான்தான் அவரு கால பாக்கறேன். அன்னிக்கி ஏதோ புருசன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சிட்டேண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவங்க காலயும் நானே கழுவி பாத்திருக்க மாட்டேனா?"

யாருக்கு வெட்கப்பட்டு இவள் காலை மறைத்தாளோ அந்த அம்மாள் அடுத்த பாயில்தான் படுத்திருந்தார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். கட்டைக் கால் வாங்கி வைத்திருக்கிறோம், அதை மாட்டிக்கொண்டு சமையல்கட்டுவரை போவாள். ஏரிக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். சத்தம் மட்டும் கேட்கிறது, அதற்கு இவள் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். இருக்கிற காலைச் சாயங்காலமானால் கேட்காமலே நீட்டிவிடுகிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. இழுத்துக்கொள்வதில்லை. நான் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. குனிய முடியாததால் என் காலைத் தொடுவதும் நின்றுவிட்டது.

சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், துடைத்து முடித்த பிறகு, "கால் வலிக்குதுய்யா" என்றாள். பதறிப்போய் வலது காலை லைட் அடித்து மறுபடியும் முழுக்கப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"அது இல்லய்யா. இந்தக் காலு" என்றாள்.

இடது பக்கம் காட்டினாள். முட்டிக்குக் கீழே புடவை தட்டையாகப் பாயில் கிடந்தது. கட்டைவிரலில் முள் ஏறின மாதிரி கடுக்கிறதாம், குதிகால் எரிகிறதாம். எடுத்த காலில் வலி தெரிவது சிலருக்கு உண்டு, அது பொய் வலி இல்லை என்று டாக்டர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். கால் இருந்தபோது கடைசி வருஷங்களில் ஒருநாள்கூடக் காட்டாத வலி. அதில் ஒரு துளி அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வந்திருந்தால் போதுமே என்று நான் சாமியைத் திட்டுகிறேன்.

நேற்றும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. "அமுக்கி வுடுய்யா" என்றாள். அவளாக என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பாயில் உட்கார்ந்து, அவள் பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

"அங்க இல்லய்யா, இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.

கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன்.