இன்னைக்கு வேணாம்

என் தங்கை நதியாவின் வீட்டுக்காரர் சுருளி, காற்றாலையில் ஏறிப் பழுது பார்க்கிறவர். கண்டமனூர் பக்கம் நிற்கிற அந்தக் கோபுரங்கள் எண்பது மீட்டர் உயரம். இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் ஏணியில் வாரத்துக்கு நான்கு தடவையாவது ஏறுவார். ஒருமுறை உச்சியிலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டார். பழனிசெட்டிபட்டியில் என் பைப் கடைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தலை சுற்றியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தரையில் பயம் வந்தது. போன வருடம் மாசியில் ஆரம்பித்தது. வேலை முடிந்து வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், என்னமோ நடக்கப்போகிறது என்று தோன்றும். என்ன நடக்கப்போகிறது என்றால் அவருக்கே தெரியாது. தேனியில் ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. இது பதற்றம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார் டாக்டர். சுருளி போகவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் இனி ஏற விடமாட்டார்கள் என்று பயந்தார். ஏறுவது என்றால் அவருக்கு உயிர்.

இந்த இடத்தில் என் புத்தியையும் சொல்லிவிட வேண்டும். கடைக்கு வந்து ஒரு வால்வு கேட்டால், எதுக்கு, எங்கே ஒழுகுது, எத்தனை நாளா என்று விசாரிக்காமல் எடுத்துத் தரமாட்டேன். இருபது வருடப் பழக்கம். சித்திரை முதல் நாள் என் வீட்டு விருந்தில் அதை மாப்பிள்ளையிடமும் காட்டினேன்.

"சொந்த வீடு இருக்கு, தங்கமா ஒரு பிள்ள இருக்கு. உங்களுக்கு என்ன மாப்ள கொற? எதுக்குப் பயப்படுறீக?"

"தெரியல மச்சான்."

"தெரியாம எப்படி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பந்தியில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவியவர், அதற்கப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

நதியா போனில் அழுதாள். "காரணம் தெரிஞ்சா அவுக சொல்ல மாட்டாகளா அண்ணே? ஆளாளுக்குக் கேக்கக் கேக்க, தனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னே நெனைக்கிறாக. எங்கிட்டாவது போயிரலாம் போல இருக்குங்கிறாக." எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஆடியில் காற்று சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. கோபுரத்தடியில் பட்டையை மாட்டும்போதே சுருளிக்கு அந்தப் படபடப்பு வந்துவிட்டது. வேலையிடத்தில் அதுதான் முதல் தடவை. ஏறுகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒருவர் 'இன்னைக்கு வேணாம்' என்றால் இரண்டு பேரும் ஏறக் கூடாது, ஏன் என்று மற்றவர் கேட்கவும் கூடாது. கேட்டால் ஆள் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறிவிடுவான், அதுதான் ஆபத்து. பதினோரு வருடத்தில் சுருளி அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அன்று சொன்னார்.

கூட்டாளி அய்யாத்துரை "சரிப்பா" என்று தன் பட்டையைக் கழற்றினார். இருவரும் கீழே கேபிள் வேலையைப் பார்த்தார்கள். கேள்வி இப்போது வரும், அப்போது வரும் என்று மத்தியானம்வரை காத்திருந்தாராம் சுருளி. அய்யாத்துரையோ எலுமிச்சைச் சோற்றில் உப்பில்லை என்று புலம்பிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

"ஆறு மாசத்துல இன்னைக்குத்தான் எனக்கு மூச்சு முழுசா வந்துச்சு" என்று வீட்டுக்கு வந்து நதியாவிடம் சொல்லியிருக்கிறார்.

மறு வாரமே மனநல மருத்துவரிடம் போனார். மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள். கம்பெனியிலும் தானே போய்ச் சொன்னார். டாக்டர் கடிதம் வாங்கிக்கொண்டு ஏற விட்டார்கள். பயம் அடியோடு போய்விடவில்லை, எப்போதாவது வரும். நதியா அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

"அண்ணே, 'இன்னைக்கு வேணாம்'னு அவுக சொன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒன்னால முடியுமா?"

"முடியும் ஆத்தா" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பவுனு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆவணியில் அவர்கள் மகள் கயலுக்குக் காதுகுத்து. ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயில். தாய்மாமன் நான், பிள்ளை என் மடியில். ஒரு காது குத்தி முடித்தபோது சுருளியின் முகம் வெளிறிவிட்டது. குனிந்து என் காதோடு, "இன்னைக்கு வேணாம் மச்சான்" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"பெத்த பிள்ளைக்குக் காது குத்தயில அப்பன் எங்கிட்டுப் போறான்?" என்றார் அவருடைய பெரியம்மா மூக்கம்மாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் நாக்கு அரிக்கத்தான் செய்தது.

"வருவாக அத்த. ஆசாரி கொஞ்சம் பொறுக்கட்டும்."

"எம்புட்டு நேரம்?"

"வர்ற நேரம் வரைக்கும்."

பிள்ளை வீறிட்டு அழ, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்க, பத்து நிமிடம் போயிற்று. முகம் கழுவிய ஈரத்தோடு சுருளி தானாகத் திரும்பி வந்தார். கயல் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொள்ள, மற்ற காதும் குத்தியாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தியில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். சித்திரைக்கு அப்புறம் இப்போதுதான்.

"மாப்ள, ஈரல் வைக்கச் சொல்லவா?"

"வேணாம் மச்சான்."

கிடாய் ஈரலை யாராவது வேண்டாம் என்பார்களா? ஏன் என்று நான் கேட்கவில்லை.