டவாலியின் குரலும் செல்வரங்கத்தின் கையெழுத்தும்

செல்வரங்கம் இறந்துபோன செய்தி ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்தது. அரியலூரில் கோர்ட்டுக்கு எதிரே, நான் மனு எழுத மேசை போட்டிருக்கும் இடத்தில்தான் அந்த பஸ் நிற்கும். கண்டக்டர் படியில் நின்றபடியே, "ஐயா, நம்ம ரேடியோக்காரர் போயிட்டாருங்க. விடியக்காலம், ஜெயங்கொண்டத்துல அக்கா வூட்டுலயே" என்றார். கையில் இருந்த மனுவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் நினைவு மலர் போடும் இளைஞர்கள் இருவர் வந்தார்கள். "அவரோட ஒரே தெருவுல வளந்தவர் நீங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். "நடந்ததை எழுதுவேன். ஒரு வரி வெட்டுறதா இருந்தாலும் போடக் கூடாது" என்றேன். சம்மதித்தார்கள். அந்த வாக்கை நம்பி, அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செல்வரங்கம் நல்ல நடிகர். யுத்த காலத்தில் ஒரு நாள், கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றுபோய், உடன் நடிக்க வேண்டியவர் திருச்சிக்கு வந்து சேரவில்லை. ரேடியோ நாடகத்தை அந்த நேரத்திலேயே பேசியாக வேண்டும், தள்ளிப்போட முடியாது. அண்ணனும் தம்பியும் பாகத்துக்குச் சண்டை போடும் நாடகம் அது. இரண்டு பேரையும் செல்வரங்கமே பேசினார். தம்பி அழும்போது அண்ணன் கனைத்த மாதிரி இருந்தது எனக்கு. கேட்டவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் திறமையை நான் மறுத்தால் அது பொய்ச் சாட்சி.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த நாடகமல்ல. கோர்ட் டவாலி வேடம். அந்த வேடம் என் அண்ணன் ரத்தினவேலு.

அண்ணன் முப்பது வருஷம் கோர்ட்டில் டவாலி. கட்சிக்காரர்களின் பெயரை வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிடுவது அவர் வேலை. முதல் இரண்டு முறை சாதாரணமாகத்தான் இருக்கும். மூன்றாவது முறை பெயரின் கடைசியை இழுத்து மேலே ஏற்றி, அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்குவார். குன்னத்திலிருந்தும் வாலிகண்டபுரத்திலிருந்தும் நடந்து வந்து டீக்கடையில் அசந்து கிடப்பவன்கூட அந்த மூன்றாவது கூப்பாட்டுக்கு எழுந்து ஓடி வருவான்.

திருச்சி ரேடியோவில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைக்கத் தொடங்கிய நாளில் செல்வரங்கம் ஒரு மாதம் கோர்ட் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். நில வழக்கு என்றார். வழக்கு எதுவும் இல்லை. அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கேட்டதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். "வயித்துலேருந்து கூப்பிடணும்டா தம்பி. தொண்டையிலேருந்து கூப்பிட்டா வாய்தாதான் வரும், ஆளு வர மாட்டான்." இன்று இளைஞர்கள் அடித்திருக்கும் நோட்டீசில் இந்த வாக்கியம் செல்வரங்கத்தின் பொன்மொழி என்று இருக்கிறது. அது என் அண்ணன் சொன்னது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

டவாலி நாடகம் வந்த அன்று கடைத்தெருவில் ரேடியோ முன்னால் பெருங்கூட்டம். "பெரியண்ணே, நீங்க அவசியம் கேக்கணும்" என்று செல்வரங்கம் கார்டு போட்டிருந்ததால் அண்ணனும் வந்து நின்றார். மூன்றாவது கூப்பாடு வந்ததும் ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவர் அண்ணன்தான். "நம்ம தொண்டை எப்படிடா இந்தப் பொட்டிக்குள்ள போச்சு!" என்றார்.

மறுநாள் காலை ஒரு சாட்சியை அவர் மூன்றாவது முறை கூப்பிட்டபோது, வக்கீல் குமாஸ்தாக்கள் ரேடியோவில் வந்தது போலவே கூடவே இழுத்தார்கள். "அண்ணே, செல்வரங்கம் உங்களவிட நல்லா கூப்பிடுறாருண்ணே!" வந்த சாட்சியும் சிரித்துக்கொண்டே கூண்டில் ஏறினான். தினமும் இது நடந்தது. ஒரு நாள் அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

வீட்டில் என்னிடம் சொன்னார்: "பேரு வரலடா. நான் அவன மாதிரி பண்றேன்னு எனக்கே தோணுது."

கூப்பிடும் வேலையிலிருந்து விலக்கி, பழைய வழக்குக் கட்டுகளைத் தைக்கும் அறையில் போடச் சொல்லி அவர் ஒரு மனு கொடுத்தார். அந்த மனுவை எழுதியவன் நான். எத்தனையோ பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்துப் பார்க்காமல் கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

பிறகு அதே வேடம் சினிமாவிலும் வந்தது. இடுப்புப் பட்டை, பித்தளை வில்லை, எல்லாம் அண்ணனுடைய மாதிரியே. பெரம்பலூர் டூரிங் டாக்கீசுக்கு அந்தப் படம் வந்தபோது செல்வரங்கமும் வந்தார். கூடாரத்துக்குப் பின்னால் அவரை நிறுத்தினேன்.

"ஒரு தடவை மேடையில அண்ணன் பேரச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"இதென்ன சின்னண்ணே, அது என் கடமையில்ல? சொல்றேன்."

அண்ணனுக்குச் சலவைச் சட்டை போட்டு, முன்வரிசையில் நான்தான் உட்கார வைத்திருந்தேன். செல்வரங்கம் மேடையேறி, "இந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க" என்று நிறுத்தினார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்வரங்கம் ஒரு விரலை மேலே காட்டி, "அவன் குடுத்தது" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணனும் தட்டினார். நான் தட்டவில்லை.

போன வருஷம் தொண்டையில் நோய் வந்து செல்வரங்கம் அக்கா வீட்டோடு வந்துவிட்டார். குரல் போய்க் காற்றுதான் மிச்சம். ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். சென்னையில் ஒரு பட முதலாளிக்கு மனு எழுத வேண்டும் என்றார். "பேச்சில்லாத வேஷமானாலும் போதும் சின்னண்ணே. கூட்டத்துல நிக்கிறேன். உங்க கை எழுதினா நிக்கும்."

எழுதினேன். நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: 'எனக்குப் பெயர் தேடித் தந்த குரல் அரியலூர் கோர்ட் டவாலி ரத்தினவேலு அவர்களுடையது. அதை அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.' இந்த வரியை எடுக்கச் சொல்லி மன்றாடுவார், அப்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "உண்மதானே" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

என் ஆத்திரம் அப்போதுதான் முற்றியது. குரல் இருந்தபோது பெரம்பலூர் மேடையில் சொல்ல முடியாததை, குரல் போன பிறகு ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டு எழுந்து போனார். மனுவைத் தபாலில் சேர்ப்பதாகச் சொன்னேன். சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தார். உதடு மட்டும் அசைந்தது: "பதில் வந்துச்சா?" "வரல" என்றேன்.

சாவுக்கு அண்ணன் கிடைத்த முதல் பஸ்ஸில் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். நான் போகவில்லை. வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் திட்டித் தீர்த்தார். "கடைசி வரைக்கும் ஒரு கார்டு போடலியாம்டா அந்த முதலாளி. வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தானாம். படுபாவி, அவன் நல்லா இருப்பானா?" பிறகு என்னைப் பார்த்து, "நீ தபால்ல சேத்துட்டதானே?" என்றார்.

"சேத்துட்டேன்" என்றேன்.

செல்வரங்கத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மனு ஒன்றுதான். எழுத்து என்னுடையது, கையெழுத்து அவருடையது. நான் சொல்வதில் சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். செத்தவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மலர் வந்தால் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். இந்த இடத்துக்கு வந்ததும் என்னைக் கூப்பிடுவார். போய் நிற்பேன்.