அம்சா இறைத்த பூனைக்காலி

தாமல் ஏரிக்கரையில் காட்டு விதை பொறுக்கிப் பிழைக்கிறவள் அம்சா. சின்ன காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடைக்குப் பூனைக்காலி விதை அவள் கொடுப்பதுதான். அந்தக் காயின் சுணை மேலே பட்டால் அரிப்பெடுத்து ஆளைத் துள்ள வைத்துவிடும். கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, சுணை பறக்காதபடி பனி ஈரம் காய்வதற்குள் பறித்துவிடுவாள்.

கடைக்காரருக்குப் பருத்த விதைதான் வேண்டும். கரைமண்ணில் ஓடிய கொடியில் விதை பெரிசு, பாறைச் சந்தில் ஏறியதில் சிறிசு. அதை விடுங்கள், ஒரே காயை உடைத்தாலும் ஒன்று கொழுத்திருக்கும், ஒட்டினாற்போல் ஒன்று சூம்பியிருக்கும். ஒருத்தி வயிற்றில் பிறந்ததெல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறது?

ஒரு பங்குனியில் மாந்தோப்பு முனிரத்தினம் பஸ் நிறுத்தத்தில் அவள் மூட்டையைப் பிடுங்கினான். "என் மாங்காயத் திருடிக்கினு போறியா?" என்று அத்தனை பேர் முன்னால் கவிழ்த்தான். கொட்டியது விதைதான். "இன்னிக்குத் தப்பிச்சே" என்று போய்விட்டான். அன்றைக்கு ஒட்டியது, திருடி என்ற பெயர். வீட்டு வாசலில் அவளைக் கண்டால் பெண்கள் சொம்பை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

ஆடி மழைக்கு முன் அம்சா அவன் தோப்பு வேலி நெடுக விதை இறைத்தாள், பெரிசும் சிறிசும் கலந்து. பெரிசு முதல் மழைக்கே எழும். சிறிசுக்குத் தோல் கெட்டி. அடுத்த வருசமோ அதற்கும் அடுத்ததோ, அதற்குத் தோன்றினால்தான் முளைக்கும்.

தை மாதக் காற்றில் சுணை பறந்தது. காவல்காரன் சொறிந்துகொண்டே ஓடிப்போனான். முனிரத்தினம் கொடியெல்லாம் வெட்டிக் கொளுத்தினான். மறு வருசம் வேலி மறுபடி பச்சையானது.

அந்தத் தையில் முனிரத்தினம் கழுத்தெல்லாம் தடித்துப்போய் அவள் வாசலுக்கு வந்தான்.

"நீதானே போட்டே?"

"மூட்டையக் கொட்னது நீதானேப்பா?"

"தப்புதாம்மா. விட்டுடு."

"எனக்கு எதுக்குச் சொல்றே? எங்க கொட்னியோ அங்க வந்து சொல்லு."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள்கூட இறங்கி நின்று கேட்டார்கள். "அம்சா திருடலை. நான்தான் தப்பு பண்ணேன்."

"காது மந்தம்பா எனக்கு. சத்தமா."

இன்னொரு முறை சொன்னான். பிறகு மெதுவாக, "இனிமே முளைக்காதில்ல?"

"சின்னதுங்க எத்தினி உள்ள கீதோ, மண்ணுக்குள்ள பூந்தா பாத்துக்கினு வர முடியும்?"

அவள் ஆட்டோவில் ஏறினாள். "அதான் மன்னிப்பு கேட்டுட்டாரேம்மா, போதாதா?" என்றான் ஓட்டுநர்.

"அவன் சொன்னது ரெண்டு வாட்டி. நான் திருடின்னு கேட்டது ரெண்டு வருசம். நீ வண்டிய எடு."