நெளுக்குளத்துக் கடைக்கு ஒரு நடை

காலை 5.00. கொழும்பு வெள்ளவத்தையில் வவுனியா பஸ் ஏறினேன். வாகனங்கள் நெரியும் காலி வீதியைப் பச்சை விளக்குக்குக் காத்திராமல் கடக்கப் பழகிய கால்கள் என்னுடையவை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முதல் இரண்டு தடவையும் கணவரோடு வந்தேன். இம்முறை அவருக்கு லீவு இல்லை. நெளுக்குளத்துச் சிறுவர் இல்லத்தில் இருக்கும் ஆறு வயது மிதுனாவைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். இல்லப் பொறுப்பாளர் சொல்வதைக் கேட்டுத்தான் நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். அது நல்லபடியாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பின்னேர பஸ்ஸில் திரும்ப இடமும் பதிந்துவிட்டேன்.

நண்பகல் 12.10. வவுனியா பஸ் நிலையத்திலிருந்து மன்னார் வீதியில் ஐந்து கிலோமீற்றர். ஆட்டோவுக்கு அறுநூறு ரூபா. ஓட்டியவர் செட்டிகுளத்து முஸ்லிம் அண்ணர்; நாங்கள் 'நானா' என்று கூப்பிடுவோம். வழியில் நெல் ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை மறித்து, விளைச்சல் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"நானா, கொஞ்சம் கெதியாப் போகேலாதோ?"

"ஆருக்கும் வருத்தமோ தங்கச்சி, ஆஸ்பத்திரியிலயோ?"

"இல்லை."

"அப்ப என்ன அவசரம்?"



1.00. பொறுப்பாளரைப் பிள்ளைகள் பெரியம்மா என்கிறார்கள். தத்தெடுக்க வருபவர்களைப் பிள்ளையோடு கடைக்கு அனுப்பிப் பார்ப்பது அவரது வழக்கம். கடை அரைக் கிலோமீற்றர் தூரம், நேர் வீதி. அவர் வாசலில் கதிரை போட்டு அமர்ந்துகொண்டார்.

"கையைப் பிடிக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். பிள்ளை தானா உங்களுக்குப் பக்கத்தில வரவேணும்."

இதென்ன பெரிய வேலை என்று கிளம்பினேன். கொழும்புக் கடற்கரை, புதுப் பள்ளிக்கூடம், எங்கள் மாடியின் லிப்ட் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நடந்தேன். பதில் இல்லையே என்று திரும்பினால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

நூறு மீற்றர் பின்னால், மதகடியில் அசையாமல் நின்றாள். அழவில்லை. என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இல்லத்துக்கு வருமுன் யாரோ அவளை இப்படித்தான் நிற்க விட்டுப் போயிருக்க வேண்டும். என்மேலேயே கோபம் வந்தது. திரும்பிப் போய் மதகுக் கட்டில் உட்கார்ந்தேன்.

மிதுனா சொன்னாள்: "நீங்கள் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் கெதியா நடந்திட்டன் பிள்ளை. பிழை என்ரதான்."

யோசித்தாள். "அப்ப நான் முன்னுக்குப் போறன். நீங்கள் பின்னுக்கு வாங்கோ."

பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் இருந்தேன். கடையில் ஆரஞ்சு நிறத் தோடம்பழ இனிப்பு வாங்கினோம். திரும்பும்போதும் அவள் முன்னால், நான் பின்னால். பிள்ளை தானாகப் பக்கத்தில் வரவேண்டும் என்றார் பெரியம்மா; அவள் வரவில்லை. காரியம் கெட்டது என்றே வாசலை அடைந்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"எத்தினை தரம் திரும்பிப் பாத்தவள்?" என்றார் பெரியம்மா.

"கனதரம். எண்ணேல்ல."

"ஒவ்வொரு தரமும் நீங்கள் நிண்டனீங்களோ?"

"ஓம்."

மிதுனாவைப் பார்த்தார். அவள் இனிப்புப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா எழுந்து உள்ளே போய், அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தார்.

பதிந்த பஸ் என்னை விட்டுவிட்டே போனது. அடுத்ததில் ஏறினேன்.

நீதிமன்ற உத்தரவு கிடைத்து, மிதுனா வெள்ளவத்தைக்கு வந்து நான்கு மாதமாகிறது. காலி வீதி நடைபாதையில் அவள் முன்னால், நான் பின்னால். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நானும் நிற்க, அவசரக்காரர்கள் என்மேல் மோதி முறைத்துவிட்டுப் போவார்கள். போகட்டும், ஆட்டோ நானா கேட்ட 'என்ன அவசரம்?' என்ற கேள்வியை அவர்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.

நேற்று வீட்டிலிருந்து பேக்கரி வரை நடந்தோம். மிதுனா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.