சுறாக்குட்டியின் தொப்புள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் அன்புக்கரசிக்கு ஒன்பது வருடமாக ஒரே வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பிள்ளையார் தும்பிக்கையில் ஒரு கீறல் தங்கிவிட முடியாது. இப்போது வயிற்றில் ஏழு மாதம் என்பதால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தாள்.

முதல் பிள்ளையும் ஏழாம் மாதத்தில்தான் வந்து, அன்றே போனது. துணியில் சுற்றிக் காட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்திருக்கலாமே என்ற வேதனை இன்னும் அவளை விடவில்லை.

அந்த வாரம் முப்பது பால் சுறாக்குட்டிகள் செய்தார்கள். கடலூர்க் கல்லூரி ஆசிரியை ஜெயஸ்ரீ, மாணவர்களுக்குக் காட்ட, பிறக்கும்போது இருக்கும் அளவிலேயே கேட்டிருந்தார். சூளையில் மண் சுருங்கும் என்று அச்சுக்காரர் பிரபாகரன் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருந்தார். குட்டிகள் காய்ந்துகொண்டிருந்தபோது ஜெயஸ்ரீ வந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"முன் துடுப்புக்கு நடுவுல ஒரு வடு இருக்கணுமே, எங்கம்மா?"

"கீறல்னு நெனச்சு நான்தாங்க பூசித் தொடச்சிட்டேன். முப்பதுலயும்."

"அய்யோ, அது தொப்புளும்மா. பால் சுறா முட்டை போடாது. குட்டி தாய் வயித்துல கொடியோடதான் வளரும். ஒரு சாணுக்கு மேல வளர்ந்துதான் பொறக்கும். அதுக்கு முன்னாடி வந்துட்டா தேறாது."

அன்புக்கரசி முப்பது கொடிகளையும் தன் கையாலேயே அறுத்துவிட்டதாக நினைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கோ பட்டப்பகலிலேயே குட்டிகள் எல்லாம் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அன்றிலிருந்து வயிற்றுப் பிள்ளை அசையவில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் நம்பவில்லை.

"சூளைக்குப் போவட்டும்மா. மண்ணு அவ்ளோ லேசுல மறக்காது" என்றார் பிரபாகரன்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தார்கள். முதல் குட்டியைப் புரட்டினால், வடு இருந்தது! அடுத்ததிலும் இருந்தது.

"அச்சுல அழுந்துனதை எவ்ளோ பூசுனாலும் நெருப்பு வெளிய கொண்டாந்துடும்" என்று பிரபாகரன் சிரித்தார்.

அன்புக்கரசி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபத்தொன்பதில் வடு இருந்தது. முப்பதாவது வழவழவென்றிருந்தது. அதுமட்டுமல்ல, மற்றவற்றைவிட மூன்று விரல் குட்டை. ஒரே அச்சு, ஒரே சூளை. பிரபாகரனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கழிவுல போட்டுடும்மா."

"வேணாங்க. இத நான் எடுத்துக்கறேன்."

இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் நல்லூர் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். சூளையை விட்டு வந்து அரைநாளாகியும் அது ஆறவில்லை. ஊர் நெருங்கும்போது வயிற்றுப் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. அதற்குப் பிறகுதான் மடியில் இருந்தது ஆறத் தொடங்கியது.